பனியில் வெறுங்கால்

தமிழ்மணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. பிளேன் ஏறுறதுக்கு முந்தியே சொல்லிருங்க. இங்க வந்தப்பறம் அது முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது."

சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள், இன்னும் ஐந்து வருஷம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மூன்று வருஷம் முடிந்ததும் வந்துவிடுவாள் என்று என் மனைவி சாந்தகுமாரி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பர்மாவில், யாங்கோன் நகரத்து மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறைக்குப் பச்சைப் பெயின்ட்கூட அடித்தாயிற்று.

சரிம்மா என்றேன். ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்தவன் நான். எத்தனையோ பேரை அதட்டி இறக்கிவிட்டவன். பெண்டாட்டியிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. மகள் பயணச்சீட்டு அனுப்பினாள், சொல்லவில்லை. கம்பளிக் குல்லாய் வாங்கப் போனோம், அங்கேயும் சொல்லவில்லை. யாங்கோன் விமான நிலையத்தில், "இந்தத் தடவ அவளக் கையோட கூட்டிட்டு வந்துரணும்" என்று சாந்தகுமாரி சொன்னபோது, வாயில் சமூசாவை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். கோழை என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஜப்பான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மகளுக்கு விடுமுறை. ஒரு பழைய புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கோயிலுக்கு முன்னால் நீளமாக ஒரு கடைத்தெரு. முதல் நாள் பெய்த பனியை இரண்டு பக்கமும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்தும் அம்மா முகம் சுளிக்காமல் வந்திருக்கிறாள் என்று மகளுக்கு சந்தோஷம். மகளை அழைத்துப்போக வந்திருக்கிறோம் என்று அம்மாவுக்கு சந்தோஷம். நடுவில் நான் மட்டும் அந்தக் குளிரிலும் வேர்த்துக்கொண்டு நடந்தேன்.

கோயில் வாசலுக்கு வந்ததும் சாந்தகுமாரி குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். பிறகு காலுறையையும் கழற்றினாள். யாங்கோனிலிருந்து மடித்துக் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையை உதறி எல்லாவற்றையும் அதில் போட்டாள்.

"அம்மா! என்ன பண்ற?"

"பயா கோயிலுக்குள்ள செருப்போட போவாங்களா?"

"இங்க மண்டபத்துக்குள்ள ஏறுனாத்தான் கழட்டணும். அங்க பாரு, எல்லாரும் ஷூவோட போறாங்க."

"அவங்க எப்படியும் போகட்டும். ஷ்வேடகோன்ல நீ காலுறையோட ஒரு படி ஏறியிருக்கியாடி?"

எங்கள் ஊரில் அந்தப் பெரிய புத்தர் கோயிலில், வெயிலில் கல் கொதித்தாலும் வாசலிலேயே வெறுங்கால்தான். அதற்கு மேல் சாந்தகுமாரி என் காதருகே வந்து, "வேண்டுதல் இருக்குங்க. இப்படிப் போய்க் கேட்டாத்தான் கேக்குறதுக்கு மரியாத" என்றாள். என்ன வேண்டுதல் என்று எனக்குத் தெரியாதா? "எனக்கு முட்டி வலி" என்று சொல்லி நான் பூட்ஸோடு பின்னால் போனேன்.

ஈரக்கல்லில் நிதானமாக நடந்தாள். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ்மணி காது சிவந்துபோய்க் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டாள். மண்டபத்துக்கு முன்னால் சாந்தகுமாரி கண்ணை மூடி நின்றாள். மகளுக்கு டைபாய்டு வந்தபோதுகூட அவள் அவ்வளவு நேரம் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கைகூப்பவே வெட்கமாக இருந்தது.

கடைத்தெருவுக்குத் திரும்பியபோது அவள் கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன. "கால் இருக்குற மாதிரியே தெரியலடி" என்று சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுடுகிற கடை பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்து, ஈரத்தரையில் மண்டியிட்டாள். கோட்டைத் திறந்து, இரண்டு காலையும் தன் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

"நல்லா தேய்டி."

"தேய்க்கக் கூடாதும்மா. சும்மா புடிச்சிருக்கணும். இல்லத்துல பெரியவங்களுக்கு இப்படித்தான் செய்வோம்."

காலைப் பிடித்தபடி மகள் தலை நிமிராமலே சொன்னாள்.

"நீ கோவிக்காம வந்ததே போதும்மா. அப்பா சொன்னதும் அழுதிருப்பியோன்னு ரொம்பப் பயந்தேன். அஞ்சு வருஷந்தானே, ஓடிரும்."

சாந்தகுமாரி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. நான் கிழங்கு அடுப்பைப் பார்த்தேன்.

என்ன அஞ்சு வருஷம் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் மகளின் தலையில் கை வைத்தாள். குல்லாயிலிருந்து வெளியே வந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஓடிரும்" என்றாள். "அப்பா பக்குவமாத்தான் சொன்னாரு."

பக்கத்திலேயே பூட்ஸ் இருந்தது. அதால் என்னை நாலு போட்டிருந்தால் தேவலை.

கிழங்கு வாங்கி மூன்று பேரும் பிட்டுத் தின்றோம். கால் சிவக்கத் தொடங்கியதும் மகளே காலுறை மாட்டி, பூட்ஸ் போட்டு, கயிறு கட்டிவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று எழுந்தோம். சாந்தகுமாரி கோயில் பக்கம் திரும்பி நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"இன்னொருக்கா உள்ள போயிட்டு வந்துர்றேன்."

"இப்பத்தானே கும்புட்ட?"

"மாத்திக் கேக்க வேண்டியது ஒன்னு இருக்கு."

வாசலில் குனிந்து, மகள் கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். என்னை அவள் கூப்பிடவில்லை. நான் என் பூட்ஸையும் காலுறையையும் கழற்றி அவள் பையிலேயே போட்டேன். கல்லில் கால் வைத்ததும் குளிர் உச்சந்தலைக்கு ஏறியது. அவள் எனக்காக நிற்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.