கந்தலரசியின் போர்வை

பகலெல்லாம் பெய்து ஓய்ந்த மழை, தான் வந்து போனதற்குச் சான்றாக, அகன்ற தெருக்களிலும் குறுகிய சந்துகளிலும் சிறுசிறு நீர்நிலைகளை விட்டுச் சென்றிருந்தது. அலுவல் முடித்து இல்லம் திரும்பும் மாந்தர் குடைகளை மடக்கி உதறியபடி நடந்தனர்; பேருந்துகள் சேற்றை வாரித் தூற்றி விரைந்தன; அடுக்கடுக்காய் எழுந்து நின்ற குடியிருப்புகளின் மாடங்களில் காயாத துணிகள் காற்றை எதிர்நோக்கித் தொங்கின. மேற்கே முகிற்கூட்டம் சற்று விலக, அந்தி வெயில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் தளத்துப் பலகணி வழியே உள்ளே நுழைந்தது. நல்லோரே, நாமும் அவ்வழியே நுழைவோம். அழையாத வீட்டுக்குள் புகுவது தகாது என்று உங்கள் உயர்ந்த உள்ளம் தயங்குமாயின், உள்ளே ஒரு போர் மூளவிருக்கிறது என்பதையும், அதில் ஒருத்தி தனித்து நிற்கப் போகிறாள் என்பதையும் எண்ணித் தயக்கத்தை வாயிலிலேயே கழற்றி வையுங்கள்.

அவ்வீட்டில் உணவுப்பலகை ஒன்று நான்கு கால் ஊன்றி நின்றது. அதன்மீது உணவு வைத்து உண்ட நாள் எது என்பது வீட்டாருக்கே நினைவில்லை. அதன் ஒரு தலைப்பைத் தையற்பொறி ஆண்டது. மறு தலைப்பைத் தேய்ப்புப்பெட்டி ஆண்டது. இடைப்பட்ட நிலம் முழுவதும் நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிய துண்டுத்துணிகளின் குடியரசு. இனிப்பு இருக்கும் என்று நம்பித் தகரப்பெட்டியைத் திறந்த விருந்தினர் பலர், உள்ளே நூற்கண்டுகளைக் கண்டு, முகம் வாடி மூடியதுண்டு. கணவனும் மனைவியும் தட்டை மடியில் ஏந்தியே உண்டனர். எழுதப்படாத சட்டம் ஒன்றும் அங்கே நடந்தது: துணி வெட்டும் பெரிய கத்தரியால் வேறெதையும் வெட்டலாகாது. ஒருநாள் கணவன் அறியாமல் பால்பையின் மூலையை அதனால் நறுக்கிவிட, அன்றும் மறுநாளும் வீடு பேச்சற்றுக் கிடந்தது. அதுமுதல் அவன் அக்கத்தரியைப் பாம்பைக் கண்டவன்போல் சுற்றி நடக்கலானான்.

இக்குடியரசின் தலைவி, ஊர் அஞ்சலகத்தில் மடல் பிரிப்பவள். யாரோ யாருக்கோ எழுதிய மடல்களை ஊர் பார்த்து, தெரு பார்த்து, சுவரை அடைத்து நின்ற மரத்தட்டின் சிறு அறைகளில் இட்டு இட்டுப் பழகிய அவள் கைகள், மாலையில் வீடு திரும்பியதும் துணித்துண்டுகளை அவ்வண்ணமே பிரிக்கும். தையற்கடை கழித்த ஓரங்களும், கிழிந்த சட்டையின் நல்ல முதுகும், பழைய திரைச்சீலையின் வெயில் படாத மடிப்பும் அவளிடம் வந்து சேர்ந்தன. சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பார்களே, அவளிடம் விரலகலத் துணியும் வீணானதில்லை. துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்கி, நடுவே பஞ்சுப்படலம் விரித்து, அடியில் ஒரு துணி இட்டு, மூன்றையும் ஒன்றாக ஓடவிட்ட நுண்தையலால் பிணைத்து அவள் செய்த போர்வைகளைக் கண்ட நாத்தனார், அதாவது கணவனின் தமக்கை, அவளுக்குக் ‘கந்தல் ராணி’ என்று பெயரிட்டாள். நாம் கந்தலரசி என்போம். ஏளனத்தில் பிறந்த பெயர்தான். ஆயினும் பாதிப் பெயர் அரசியாய் இருக்கிறதே, அது போதும்.

ஏளனம் செய்த வாயே போர்வைகளைக் கேட்கவும் செய்தது. முதற்போர்வை நாத்தனாரின் கட்டிலுக்குப் போயிற்று. அடுத்தது அவள் மகனுக்கு. அதன்பின் தைத்தவையெல்லாம் அவளுடைய தோழியர்க்கும், அண்டை வீட்டார்க்கும், கணவனின் மேலதிகாரிக்கும் என்று படை படையாய் வெளியேறின. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி வழங்கிய வள்ளல் அந்த நாத்தனார். ஒவ்வொரு முறையும், “இன்னொன்னு தைக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது?” என்பாள். மனச்சான்று உறுத்தியதோ என்னவோ, போன முறை மட்டும் பதிலுக்கு ஓர் இளநீலச் சேலை தந்தாள். இத்தனை போர்வைகளைத் தைத்தவளோ, கடையில் வாங்கிய, முதல் வெளுப்பிலேயே நிறமிழந்த மெல்லிய விரிப்பைப் போர்த்திக்கொண்டு குளிரில் முழங்காலை மார்போடு அணைத்துத் துயின்றாள்.

ஒருநாள் அஞ்சலகம் செல்லும் வழியில், நாத்தனார் மகனின் ஈருருளி வண்டி மரத்தடியில் நிற்கக் கண்டாள். அதன்மேல், காக்கை எச்சம் படாதிருக்க, அவள் தைத்துக் கொடுத்த போர்வை மூடிக் கிடந்தது. வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, பஞ்சு ஒருபுறம் பிதுங்கி, காக்கைகள் தம் கடமையைத் தவறாமல் செய்திருக்க, அது அங்கே கிடந்த கிடையை அவள் நெடுநேரம் பார்த்தாள். மூன்று மாத மாலைப்பொழுதுகள் அவை. அன்று வீடு திரும்பியதும் புதிய துணிகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

இந்தப் போர்வையில் விண்மீனும் இல்லை, மலரும் இல்லை. தான் நாளெல்லாம் எதிரே நின்று பார்க்கும் மரத்தட்டையே துணியில் எழுப்பினாள்: வரிசை வரிசையாய்ச் சிறு அறைகள், அறைதோறும் முக்கோண மடிப்போடு ஒரு மடலுறை, எந்த உறையிலும் முகவரி இல்லை. நெட்டையான விருந்தினர் எவரையும் கருதாமல், தன் குட்டை உருவத்துக்கே அளந்து வெட்டினாள். யாருக்கு என்று கேட்டவர்களிடம், “எனக்கு,” என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாமையால் முதல் நாள் அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் கரைப்பட்டியில் ஒரு பக்கமே எஞ்சியிருந்த அந்த மாலையில், அவள் அலுவலகத்துக்கு உடுத்திப்போன இளநீலச் சேலையைக்கூட மாற்றாமல், போர்வையை மடிமேல் குவித்துக்கொண்டு ஊசி எடுத்தாள். அப்போது கணவன், சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல் நடுவீட்டில் வந்து நின்றான். நல்ல மனிதன், தமக்கை குரல் கேட்டால் மட்டும் பத்து அகவைச் சிறுவனாகிவிடுவான்.

“அக்கா போன் பண்ணாங்க,” என்றான்.

“என்னவாம்?”

“அவங்க பையன் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான்ல, அந்தக் கம்பெனி மேனேஜரோட வீட்டம்மா புது வீட்டுக்குப் போறாங்களாம். அக்கா போனவாரம் இங்க எடுத்த படத்தைக் காட்டியிருக்காங்க. அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அக்காவும் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டாங்களாம். இப்ப வந்து எடுத்துக்கறாங்களாம்.”

“எதை?”

“அதான்... இதை.”

அவள் குனிந்து தைத்தாள். நாத்தனார் வந்தால் சொல்ல வேண்டியவற்றை ஒவ்வொன்றாய்க் கோத்துக்கொண்டே தைத்தாள்; கோக்கக் கோக்கச் சினம் ஏறியது; சினம் ஏற ஏற ஊசி ஆழ்ந்தது. மேல்துணியின் விளிம்பைத் தொட்டு அடித்துணியில் மெல்ல நுழைந்து மீள வேண்டிய ஊசி, அடியில் உள்ளது எதுவென்று பாராமல் ஆழக் குத்தி எழுந்து, எழுந்து மீண்டும் குத்தியது. கடைசி முடிச்சை இட்டு நூலை அவள் பல்லால் கடித்து அறுத்தபோது வாயில்மணி ஒலித்தது.

நாத்தனார் மழைக்காற்றோடு உள்ளே வந்தாள். கெட்டவள் என்று அவளைச் சொல்லிவிட வேண்டாம். கைம்மை எய்திய நாள்தொட்டு ஒற்றை மகனைத் தோளில் சுமந்து கரைசேர்க்கப் போராடுகிறவள். ஆனால் போராடிப் பழகியவர்கள் எதிரே கண்டதையெல்லாம் படைக்கருவியாகக் கைக்கொள்வர். பிறர் பொருளும் அதற்கு விலக்கல்ல.

“என்னம்மா கந்தல் ராணி, முடிச்சுட்டியா? நல்லதாப் போச்சு. ஒரு பெரிய பை குடு, நனையாம எடுத்துட்டுப் போறேன்.”

கோத்து வைத்த சொற்களெல்லாம் கந்தலரசிக்கு மறந்துபோயின. “அண்ணி, இது நான் எனக்குன்னு தைச்சது,” என்று மட்டும் வந்தது.

“அதுக்கென்ன? இன்னொன்னு தைக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது?” என்றபடியே நாத்தனார் போர்வையின் தலைப்பைப் பற்றி இழுத்தாள்.

போர்வை வந்தது, போர்வையோடு கந்தலரசியும் வந்தாள். இருக்கையிலிருந்து எழும்பி, இரண்டடி தள்ளாடி, நாத்தனாரின் தோளைப் பிடித்து நின்றாள். மூவரும் குனிந்து பார்த்தனர். போர்வையின் ஓரமும் இளநீலச் சேலையின் மடியும், ஒரு சாண் நீளத்துக்கு, குற்றம் சொல்ல இடமில்லாத நேர்த்தியான தையலால் ஒன்றாகியிருந்தன. மடியில் வைத்துத் தைப்பவர் எவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்யும் பிழை அது. செய்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளாத பிழையும் அதுவே. கணவனுக்குச் சிரிப்பு வெடித்து வந்தது. தமக்கையின் முகத்தைப் பார்த்து அதைப் பாதியிலேயே விழுங்கினான்.

“சரி சரி, பிரிச்சுவிடு. அஞ்சு நிமிஷ வேலை,” என்றாள் நாத்தனார்.

கந்தலரசி அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தன் வாய் சொல்லத் துணியாததைத் தன் கை சொல்லிவிட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது. கை இவ்வளவு துணிந்தபின் வாய் பின்வாங்குவது வெட்கம்.

“பிரிக்க மாட்டேன்.”

“என்ன சொன்ன?”

“பிரிக்க மாட்டேன் அண்ணி. போர்வை வேணும்னா என்னையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போகணும். போர்வையோட ஒரு ஆளும் வரும், பகல்ல வேலைக்குப் போயிடும், ராத்திரி சோறு போட்டாப் போதும்னு அந்தம்மாகிட்டச் சொல்லிடுங்க.”

“விளையாடுற நேரமா இது? குடும்பம்னா விட்டுக்குடுக்கணும். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க?”

“எனக்குப் பூமி வேண்டாம் அண்ணி. என் கட்டில் போதும்.”

நாத்தனாரின் குரல் தழுதழுத்தது. “ஒரு பையனோட வாழ்க்கையைவிட ஒரு கந்தல் உனக்குப் பெருசாப் போச்சா?”

அந்தச் சொல் தைத்தது. கந்தலரசி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள், பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: “உங்க பையன் நல்லாப் படிச்சவன். வேலை அவனைப் பார்த்துக் கிடைக்கட்டும். போர்வையைப் பார்த்துக் கிடைச்சா, அந்த வீட்டுக்கு வருஷா வருஷம் ஒரு போர்வை போய்க்கிட்டே இருக்கணும். அவனுக்கு நான் குடுத்தது இப்ப எங்க கிடக்கு தெரியுமா? அவன் வண்டி மேல. காக்கா எச்சத்தோட. நான் என் கண்ணால பார்த்தேன்.”

“வண்டி நனையக்கூடாதுன்னு...” என்று தொடங்கிய நாத்தனார் அதை முடிக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள். “ஏன்டா, நீ என்ன மரமா? வாயைத் திறந்து சொல்லு!”

அவன் உணவுப்பலகையருகே சென்று, தையல் பிரிக்கும் சிறு கருவியை எடுத்துக்கொண்டு வந்தான். தமக்கையின் முகம் மலர்ந்தது. மனைவியோ அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சினமில்லை, காத்திருத்தல் இருந்தது.

“அது வேண்டாங்க. பெரிய கத்தரியைக் குடுங்க.”

பால்பைக் குற்றவாளி சற்று நின்றான். சிறு கருவியைத் திரும்ப வைத்தான். எந்தக் கத்தரியை அத்தனை நாள் சுற்றி நடந்தானோ அதை இரு கையாலும் எடுத்து, பிடி அவள்பக்கம் இருக்குமாறு நீட்டினான். அவள் வாங்கினாள். தையலைத் தொடவில்லை, தையலைச் சுற்றிச் சேலையை வெட்டினாள். நல்ல துணி, கத்தரிக்கு இதமாக வழிவிட்டது.

“ஐயோ, நான் குடுத்த சேலையில்ல!” என்று அலறினாள் நாத்தனார்.

“ஆமா அண்ணி. போன போர்வைக்கு நீங்க குடுத்தது.”

சேலையின் மடியில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. போர்வையின் முதுகில், ஓரத்தை ஒட்டி, ஓர் இளநீலத் துண்டு நின்றது. ஓட்டைச் சேலையோடு நிமிர்ந்து நின்ற அவளை மேலும் கீழும் பார்த்த நாத்தனார், மெல்லக் குடையை எடுத்தாள். வாயிலில் நின்று, “அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்றாள். கேள்வி மனைவியை நோக்கி வந்தது. விடை கணவனிடமிருந்து போயிற்று.

“இல்லைன்னு சொல்லுங்க அக்கா.”

நாத்தனார் போனாள். படிகளில் அவள் குடை தட்டித் தட்டி இறங்கும் ஓசை நெடுநேரம் கேட்டது. கந்தலரசிக்குக் கண்ணில் நீர் வந்தது. வென்றவர் அழுவதில்லை என்று சொன்னவர் எவரும் உறவினரை வென்றதில்லை. பிறகு அவள் நிறமிழந்த கடைவிரிப்பை உருவி மூலையில் எறிந்து, தன் போர்வையைத் தன் கட்டிலில் விரித்து, பொழுது முழுதும் சாயுமுன்பே அதற்குள் புகுந்து, காலை நீட்டிப் படுத்தாள். அளவு சரியாக இருந்தது.

கொடை நன்று, நல்லோரே. அதை மறுப்பார் யார்? ஆயினும் கொடுப்பவர் கை திறக்குமுன் பொருளைப் பறித்துக்கொண்டு, அதற்குக் கொடை என்று பெயரிடுதல் நன்றன்று. பறிகொடுத்துப் பறிகொடுத்துப் பழகியவள் ஒருநாள் கையை மூடிக்கொண்டால் அதற்குத் தன்னலம் என்று பெயரிடுதலும் நன்றன்று. ஓட்டை விழுந்த சேலை துண்டுகளாகி நீலத்துணிகளின் அடுக்கில் சேர்ந்தது. நாத்தனார் மகனின் வண்டி அதற்குப்பின் போர்வையின்றி மழையில் நனைந்துகொண்டே நின்றது. அவனுக்கு வேலை கிடைத்ததா என்பது வேறு கதை. முகவரியற்ற அத்தனை மடல்களின் முதுகில், அஞ்சல்தலை ஒட்டியதுபோல் அந்த இளநீலத் துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது. சினத்தில் விழுந்த அந்தத் தையல்களைப் பிரிக்க அவ்வீட்டில் எவருக்கும் உரிமையில்லை.