வரிசை மாறிய சத்தங்கள்

அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தவளின் கையில் அந்தப் பழைய காதுக் கருவி அகப்பட்டது. மகள் வாலு முதன்முதலாகக் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், வேலை கிடந்தபடி கிடக்க, அம்மாக்காரி அந்தக் காலத்துக்கே போய்விட்டாள்.

அப்போது வாலுவுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை; பிறந்ததிலிருந்தே காது கேட்காது. டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள்; எல்லோருக்கும் இரண்டரைச் சுற்று, இவளுக்கு ஒன்றரைதான்.

"சத்தத்தை நரம்புக்குக் கொண்டுபோற கம்பியை உள்ள வெச்சிடலாம்மா. சத்தம் கேக்கும். பேச்சு புரியுமான்னு இப்ப சொல்ல முடியாது."

புரியாமலே போய்விட்டால்? அந்த ஒரு கேள்வி அவளைப் பிராண்டிக்கொண்டே இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு, பேச்சுப் பயிற்சி டீச்சர் ஆறு சத்தங்களைச் சொல்லிக்கொடுத்தாள். ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ். அம்மா வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். குழந்தை கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பல மாதம் மாங்கு மாங்கென்று உழைத்ததில் வாலு ஆறையும் பிசகாமல் சொன்னாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புருஷனையும் லீவு போடவைத்து டீச்சரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

டீச்சர் அட்டையை எடுத்து "ஸ்" என்றாள். வாலு சிரித்துக்கொண்டே "ஆ" என்றாள். "ம்" என்றதற்கு "ஊ".

"வீட்ல தினமும் ஒரே வரிசையிலயா சொன்னீங்க?"

அடக் கடவுளே! பிள்ளை சத்தத்தையா கற்றாள், வரிசையை அல்லவா மனப்பாடம் செய்திருக்கிறாள்! சமர்த்துதான், என்ன பிரயோசனம்? பஸ்ஸில் அம்மா வழிநெடுக அழுதாள்.

"விடு, நாளையிலேருந்து மாத்திச் சொல்லலாம்."

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிடுவீங்க!" என்று புருஷன்மேல் எரிந்து விழுந்தாள்.

மறுநாளிலிருந்து வரிசையைக் கன்னாபின்னாவென்று கலைத்தாள். வாலு தப்பும் தவறுமாக உளறினாள், கோபம் வந்தால் கருவியைப் பிடுங்கி எறிந்தாள். இன்று நினைத்தால் அந்த ரகளைக்கும் மனசு ஏங்கத்தான் செய்கிறது.

வருஷம் ஒன்று ஓடியது. ஒரு காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டே அவள் யாரிடமென்றில்லாமல் சத்தமாகப் புலம்பினாள்: "இந்த வாலு இன்னைக்காவது பல்லு தேய்ச்சாளோ என்னவோ!"

ஆளைக் காணோம், பக்கத்து அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தேய்ச்சாச்சு!"

கைத்துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தாள். பொட்டு ஈரமில்லை. கேட்டு, புரிந்துகொண்டு, கூசாமல் பச்சைப் பொய்யும் சொல்லியிருக்கிறாள்! திருதிருவென்று விழித்தவளை வாரி அணைத்துக்கொண்டு, அம்மா ஓவென்று அழுதாள்.