காத்திருப்பு முனையில் நின்றவர்கள்

லோர்னா வெசெலி அயோவாவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஜாவா நிரல் எழுதுகிறவள். அவள் தம்பி எமிலின் இதய அறுவைக்கான மேல்முறையீட்டு மனு அதே நிறுவனத்தில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலத்துக்குள் அனுமதி வராவிட்டால் அறுவைக்குக் குறித்த நாள் வேறொருவருக்குப் போய்விடும்.

மனுக்கள் கணினிக்குள் முனை முனையாக, கட்டம் கட்டமாக நகரும். ஒவ்வொரு முனையிலும் நிரல் அதன் வகையைக் கேட்கும். மருத்துவர் முனை என்றால் மருத்துவரின் திரைக்கு அனுப்பும். காத்திருப்பு முனை என்றால் உறங்கவிடும். மேல்முறையீட்டு மருத்துவர் முனையைக் காத்திருப்பு முனையின் பிள்ளையாக, அதன் குணமெல்லாம் ஒட்டிக்கொள்ளும்படி படைத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவானோ, மருத்துவர் வகையா என்று கேட்பதற்கு முன்பே "நீ காத்திருப்பு வகையா?" என்று கேட்க வைத்திருந்தான். அந்த வம்சம்தானே, அதுவும் "ஆமாம்" என்றது. மேல்முறையீடுகள் உறங்கிப்போயின; ஒன்றுகூட எந்த மருத்துவர் கண்ணிலும் படவில்லை.

"ரெண்டு கேள்வியை முன்ன பின்ன மாத்தினா தீர்ந்துது," என்றாள் லோர்னா.

பக்கத்து மேசை டுவைட் பாதி சாண்ட்விச்சோடு எட்டிப் பார்த்தான். "அடிப்பாவி, தூங்கற மனுவெல்லாம் ஒண்ணா எழுந்துக்குமே!"

"எழுந்துக்கட்டும்."

எழுந்தன. பழையவை முன்னால், எமில் கடைக்கோடியில். முதல் பெயரைப் படித்த டுவைட்டின் குரல் இறங்கியது. "இது ரெண்டு வருஷத்துக்கு முந்தின புற்றுநோய் மனு, லோர்னா. இந்தம்மா இப்ப..."

திரை முழுக்கப் பெயர்கள். அவர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று அதற்குத் தெரியாது.

"உன் தம்பியைத் தூக்கி முன்னால வையேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, மடையா." யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்கப் போனை எடுத்தாள்.

"அவங்க போயிட்டாங்கம்மா," என்றது முதல் வீடு. மன்னிப்புக் கேட்டுப் பெயரை எடுத்தாள். எமில் ஓர் இடம் முன்னேறினான். அடுத்த வீட்டிலும் அதே பதில். உயிரோடு இருந்தவர்களின் மனுக்களை நிறுவனத்தின் மேல்முறையீட்டு மருத்துவர் பார்த்துக்கொண்டே வந்தார். போகப்போக, மணி ஒலிக்கும்போதே இவரும் போயிருக்கட்டும் என்று அவள் மனம் வேண்டிக்கொள்ளத் தொடங்கியது. சே, என்ன ஜென்மம் நான்! தன்மேலேயே அருவருப்பு வந்தது; வேண்டுதல் மட்டும் நிற்கவில்லை. நீக்கிய பெயர்களெல்லாம் பின்னால் நின்று பிடரியைப் பார்ப்பதுபோலிருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

இன்னும் ஒரு மனுதான் பார்ப்பேன், மிச்சம் திங்கட்கிழமை என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். எமிலுக்கு முன்னால் ஒரே ஒரு பெயர். ஆர்லோ ஃபிங்க். மணி நெடுநேரம் அடித்தது.

"யாரு?"

"ஐயா, ஆர்லோ ஃபிங்க்... இருக்காரா?"

"நான்தாம்மா." இருமலோடு ஒரு சிரிப்பு. "செத்துட்டேனான்னு பாக்கக் கூப்பிட்டீங்களா?"

நீக்கும் பொத்தானின்மேல் இருந்த விரலை எடுத்தாள். டுவைட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"இல்லைங்கய்யா," என்றாள் லோர்னா. "உங்க மனுவைத்தான் டாக்டர் இப்பப் பாக்கப் போறார்."

அவர் மனுவை மருத்துவருக்கு அனுப்பிவிட்டு எமிலை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அனுமதி வந்துடுச்சாக்கா?"