கள்ளிக்கோட்டையில் முழந்தாளிட்டவர்கள்

என் மூத்த தமையன் நீக்கிலாப்பிள்ளை டோர்செட் பார்க்கில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார். கதையைக் கேட்டால், முதல் போர்த்துக்கேயக் கப்பலுக்கு நங்கூரம் போட்டதே இவர்தான் என்று நினைப்பீர்கள்.

என் மகன் மரியோ கட்டப்போகிற துவாரகா, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலே கதி என்று வளர்ந்தவள். தாய்மாமன் முன்னுக்கு நிற்காத கலியாணத்தை எங்கள் சனம் வாயில் போட்டு மெல்லும். அது தெரிந்துதான் அண்ணை பிடியைப் போட்டார். பெண் ஞானஸ்நானம் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டாராம். எனக்காக அவள் சம்மதித்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். நம்பாத ஒன்றுக்கு அந்தப் பிள்ளை ஏன் தலை குனியவேண்டும்?

ஞாயிறு பூசை முடிந்து, மரியோவையும் துவாரகாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஆறுமுன்னமே பிரசங்கம் தொடங்கிவிட்டது. பூசையில் பாதி நேரம் நித்திரை கொண்ட மனிசன்!

"கிளடிஸ், வேதத்தைப் பரப்பத்தான் போர்த்துக்கேயர் உயிரையும் பாராமல் கடல் தாண்டி வந்தவங்கள்."

"ஓம் அண்ணை. மிளகு தானாத்தான் வந்து கப்பலுக்குள்ள விழுந்தது."

முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்த வாய் சும்மா கிடக்குமா? கள்ளிக்கோட்டைக் கதையை எடுத்துவிட்டேன். முதற்கப்பலில் வந்து இறங்கியவர்கள் அங்கிருந்த கோயிலைத் தேவாலயம் என்றும், உள்ளே இருந்த அம்மனை மாதா என்றும் நினைத்து முழந்தாளிட்டார்களாம். ஒருவனுக்கு மட்டும் சந்தேகம். 'இது பேயென்றால், நான் கும்பிடுவது மெய்யான கடவுளை' என்று முழந்தாளில் நின்றபடியே சொன்னானாம்.

"அது தெரியாமல் நடந்த பிழை," என்றார் அண்ணை.

"தெரியாமல் கும்பிட்டினம். பிறகு வந்தவை யாழ்ப்பாணத்தில தெரிஞ்சுதான் கோயிலுகளை இடிச்சினம்."

துவாரகா கோப்பையைக் கீழே வைத்தாள். "அங்கிள், நானும் அவனை மாதிரிச் செய்யலாமோ? தலையில தண்ணி வார்க்கேக்க, மனசுக்குள்ள எங்கட பிள்ளையாரைக் கும்பிட்டால்?"

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணையின் முகம் மலர்ந்தது.

"உள்ளுக்க ஆரைக் கும்பிட்டாலும் ஆருக்குத் தெரியப்போகுது பிள்ளை? ஞானஸ்நானப் புத்தகத்தில உன்ர பேர் விழவேணும். சனம் கேட்டால் நான் சொல்லவேணும். அவ்வளவுதான்."

சீ, இந்த மனிசனுக்கா இவ்வளவு காலமும் பயந்தேன்? அந்தக் கப்பல்காரனாவது கடவுளிடம் பொய் சொல்லப் பயந்தான்.

"மரியோ, சப்பாத்தைப் போடு, நாங்கள் போவம்," என்றேன். "அண்ணை, தாய்மாமன் இல்லாமலே கலியாணம் நடக்கும். நீங்கள் வரவேண்டாம்."