மாடி பஸ்ஸில் பதினோரு படி

அந்த மாடி பஸ்ஸில் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்குப் பதினோரு படி. கண்டக்டர் அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்று யாரும் எண்ணியதில்லை. மேலே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே நாலு பேர் ஏறுவார்கள். அவர்களைக் கவனிக்க இறங்கினால் மேலே யாரோ மணியை அடிப்பார்கள். ஐம்பது வயது தாண்டியும் அவருக்குத் தொப்பை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வைத்துக்கொள்ள அந்தப் பஸ் விட்டால்தானே!

டிரைவர் அவருடைய அக்காவின் கணவர். பதினாலு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே தடம். அத்தான் ஒரு தடவை இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வேலை முடிகிறவரை இறங்க மாட்டார். டிப்போவில் அவருக்கு 'சிம்மாசனம்' என்று பெயர். கடைசி நிறுத்தத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீளும், கண்டக்டர் ஓடிப்போய் டீயும் எண்ணெயில் பொரித்தது ஏதாவது ஒன்றும் வாங்கிவந்து அந்தக் கையில் வைப்பார். ஓட்டுகிற ஆளை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது கண்டக்டரின் கடமை என்பது அந்த டிப்போவில் எழுதாத சட்டம். இவருக்கோ ஓட்டுகிறவர் அக்கா புருஷன் வேறு. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஓட்டுவது என்று வந்துவிட்டால் அத்தானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவ்வளவு உயரமான வண்டியை அவர் வளைவில் திருப்பும்போது மேல்தட்டில் நிற்கிறவர் கம்பியைப் பிடிக்க வேண்டியதே இல்லை. கண்டக்டருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. யார் கிடைத்தாலும் பிடித்துவைத்துச் சொல்லுவார்.

அப்படிப்பட்ட அத்தான் அந்த வருஷம் மருத்துவப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டார். இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எகிறிப்போயிருந்தது, நல்லது தரைதட்டிக் கிடந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றினார்கள். நாலாவது நிமிடத்திலேயே, "போதும், போதும்" என்று கையைத் தூக்கிவிட்டார்.

"இப்போதைக்கு அடைப்பு இருக்கிற மாதிரி தெரியல" என்றார் டாக்டர். கண்டிப்பான அம்மாள். "ஆனா இதே மாதிரி உட்காந்தே இருந்தீங்கன்னா சீக்கிரம் வந்துடும். மாத்திரை தர்றேன். தினமும் நடக்கணும். ஆறு மாசம் டைம். அதுக்குள்ள இந்த மெஷின்ல ஒன்பது நிமிஷம் தாக்குப்பிடிக்கலைன்னா உங்களை வண்டி ஓட்ட விட முடியாது."

வண்டி ஓட்டாமல் டிப்போவில் ஒரு மேஜைக்குப் பின்னால் தான் உட்கார்ந்திருப்பதை அத்தானால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கண்டக்டராலும் முடியவில்லை.

வீட்டில் அக்கா அன்றைக்கே வாணலியைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டாள். அத்தான் கையில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவி வாங்கினார், நடக்கிற அடிகளை எண்ணுகிற கடிகாரம். அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. முதல் நாளே பதினோராயிரம் அடி! மறுநாள் பன்னிரண்டாயிரம். டிப்போவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார்.

"வீட்டுல இருந்து டிப்போ, டிப்போல இருந்து வீடு, அவ்வளவுதான் மச்சான். இதுவே பன்னிரண்டாயிரம் வருது. சும்மா பயமுறுத்திட்டாங்க" என்றார். டிப்போவுக்கு அவர் போய்வருவது பஸ்ஸில்தான், நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நூறு அடிகூட இருக்காது. கண்டக்டருக்கு அது உறைக்கவில்லை. அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஜாதி அவர்.

மூன்றாவது மாதம் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது, கெட்டது இறங்கியிருந்தது. நல்லது மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. டிரெட்மில்லில் ஐந்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது.

"தினமும் பன்னிரண்டாயிரம் அடி நடக்கிறவர் இதயம் மாதிரி இல்லையே இது" என்று டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சத்தியமா நடக்குறேன் டாக்டர். கடிகாரத்துல இருக்கு பாருங்க."

இரண்டு நாள் கழித்துக் கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வழக்கம்போல டீயோடு ஜன்னலடியில் நின்றார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பழைய என்ஜின், சும்மா நிற்கும்போதும் வண்டி முழுக்க உதறும். ஸ்டியரிங்மேல் இருந்த அத்தானின் கையும் சேர்ந்து உதறியது. கண்டக்டரின் பார்வை தற்செயலாக அந்தக் கடிகாரத்தின்மேல் விழுந்தது. ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலு.

"அத்தான், இப்போ நீங்க நடக்குறீங்களா?"

"என்னடா கேள்வி? உட்காந்துதானே இருக்கேன்."

"அப்போ இது யாரு நடக்குறது?"

அத்தான் மணிக்கட்டைப் பார்த்தார். பதினைந்து, பதினாறு. என்ஜினை அணைத்தார். எண் அப்படியே நின்றது. மறுபடி முடுக்கினார். பதினேழு.

"பஸ்தான் நடந்திருக்கு" என்றார் கண்டக்டர். சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தான் சிரிக்கவில்லை. "மூணு மாசம்டா" என்றார். "மூணு மாசம் போச்சு." கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்காகக் கையை நீட்டினார்.

கண்டக்டரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. தன் கையிலிருந்த டீயைப் பார்த்தார். பதினாலு வருஷம், ஒரு நாளைக்கு எட்டு தடவை, இந்த மனிதரை இறங்கவிடாமல் இருக்கையோடு கட்டிப்போட்டது யார்? பிரியத்தோடுதான் செய்தார். மரியாதையாகத்தான் செய்தார். பாழாய்ப்போன மரியாதை!

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போனார், திரும்பி வரவில்லை. தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே கை நீண்டது. கொஞ்ச நேரம் நீண்டபடியே இருந்தது. பிறகு ஹார்ன் ஒரு தடவை அடித்தது. அப்புறம் இரண்டு தடவை. கண்டக்டருக்கு அக்கா புருஷனைக் காக்கவைப்பது ஏதோ கோயில் உண்டியலில் கைவைக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் அசையவில்லை. கடைசியில் பஸ் கதவு திறந்தது. சிம்மாசனம் இறங்கியது.

கடுகடுவென்று வந்தார். டீயைக் குடித்தார். திரும்பி நடந்து, முன்பக்கம் போகாமல் பின்பக்கப் படியில் காலை வைத்தார். கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பதினோரு படியும் ஏறினார். கண்டக்டர் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அத்தான் மேல்தட்டின் முன் கண்ணாடி ஓரம் நின்று மூச்சு வாங்கியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருஷமா ஓட்டுறேன் மச்சான். மேல எப்படி இருக்கும்னு ஒரு நாள்கூட பாத்ததில்ல" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் டீக்குப் பதிலாகப் படி. முதல் வாரம் இரண்டு தடவை ஏறுவதற்குள் நாக்கு வெளியே தள்ளியது. மூன்றாவது வாரம் ஐந்து தடவை. சீக்கிரமே வந்து ஏறிக்கொண்ட ஓர் அம்மாள், "ஐயா, நீங்க ஏறுறீங்களா இறங்குறீங்களா? ஒரு முடிவுக்கு வாங்க" என்று அலுத்துக்கொண்டார். காலையில் அத்தான் டிப்போவுக்கு நடந்தே போனார், முழுசாக நாற்பது நிமிடம். அக்கா பாதித் தூரம் கூட வந்து திரும்புவாள்.

எல்லாம் ஒரே சீராகப் போய்விடவில்லை. நாலாவது மாதம் முழங்கால் வீங்கி ஒரு வாரம் கிடந்தார். "எனக்கு ஓட்டத்தான் தெரியும். நடக்கத் தெரியல. விடு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எட்டாம் நாள் கண்டக்டர் வேலைக்கு வந்தபோது அத்தான் முன்னாலேயே வந்து, படியில் ஒரு காலை மெதுவாக ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காத இடத்தில் தனியாக மறுபடி தொடங்குகிற அந்த வீம்பு இருக்கிறதே, அதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அத்தானுக்கு வேறு யோசனை. "இவ்வளவு ஏறுறேனே, மாத்திரை எதுக்கு?" என்று கேட்கப் போய் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"மாத்திரை பண்ற வேலை வேற, நடை பண்ற வேலை வேற. மாத்திரை கெட்ட கொழுப்பை இறக்கும். உங்க இதயத்தைப் பலமாக்குறது நடைதான், அதை மாத்திரை செய்யாது. நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம்தான் ஏறும், அதுவும் மெதுவாத்தான் ஏறும். ஆனா விட்டீங்கன்னா வந்த வழியே போயிடும். ரெண்டையும் விடாதீங்க" என்றார். கூடவே நாடியைப் பிடித்துப் பார்த்தார். முன்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு எண்பத்தெட்டு அடித்தது, இப்போது எழுபத்து நாலு. டாக்டர் அதை இரண்டாவது முறையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

ஆறாவது மாதம் முடிந்தது. பரிசோதனைக்குக் கண்டக்டரும் கூடப் போனார். அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள், கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அத்தான் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஒயர்களோடு டிரெட்மில்லில் ஏறினார். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டை வேகமாகும், மேட்டில் ஏறுகிற மாதிரி சாயும். நாலாவது நிமிடத்தில் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அத்தான் நடந்துகொண்டிருந்தார். ஐந்தும் போனது. ஏழாவதில் முதுகு வேர்வையில் மினுமினுத்தது. எட்டாவதில் வாய் திறந்தது. கண்டக்டரின் கால்கள் தாமாகவே வெளியே நின்ற இடத்தில் மிதித்துக்கொண்டிருந்தன.

ஒன்பது.

டாக்டர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். நிறுத்தச் சொல்கிறார் போல. அத்தான் இறங்கவில்லை. கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். டாக்டர் மறுபடி திரையைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், விட்டுவிட்டார். பத்து முடிந்தது. பதினொன்றும் முடிந்தது. அதற்கப்புறம்தான் பட்டை நின்றது.

"பாஸ். நல்லாவே பாஸ்" என்றார் டாக்டர், கதவைத் திறந்து. அந்தக் கண்டிப்பான முகத்தில் பல் தெரிந்தது. "ஒன்பதோட போதும்னு சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டார்."

அத்தான் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் அத்தான்? அதான் முடிஞ்சுதே, ரெண்டு நிமிஷம் எதுக்குக் கூட?"

"ஒன்பது நிமிஷம் டிப்போவுக்கு" என்றார் அத்தான். மூச்சு சீராகும்வரை நிறுத்திப் பிறகு சொன்னார்: "மத்தியானம் நான் படுத்திருக்கும்போது உங்க அக்கா வந்து என் மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாக்குறா மச்சான். மூச்சு வருதான்னு. முதல் ரிப்போர்ட் வந்த நாள்ல இருந்து. லீவு நாள் ஒண்ணுகூட விடறதில்ல. நான் முழிச்சுத்தான் இருப்பேன். தூங்குற மாதிரி கிடப்பேன். இந்த ரெண்டு நிமிஷம் அவளுக்கு."

இந்த மனிதரைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியும் பாதிகூடப் பேசவில்லை என்று கண்டக்டருக்குத் தோன்றியது. எழுந்து ஜன்னலோரம் போய் அக்காவுக்குப் போன் போட்டார். பாஸ் என்றார். ஒன்பது கேட்டார்கள், பதினொன்று நடந்தார் என்றார். நாடியையும் சொன்னார்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குதுடா" என்றாள் அக்கா. "நேரா வீட்டுக்குத்தானே வர்றார்? சாப்பிட்டுட்டு கொஞ்சம் படுக்கட்டும்."

"வர்றாரு அக்கா."

"வரட்டும். இன்னைக்கு நானும் கொஞ்சம் தூங்குறேன்."