பத்து மணி வரை வெயில்

பிரதாப் இஸ்தோப்புத் திண்ணையின் முகப்பில் நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை அடித்து முடித்தபோது, பட்டப்பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது. ஜன்னலுக்கு ஏற்கனவே உரச்சாக்கை இரட்டையாக மடித்துத் தைத்துக் கட்டியிருந்தான். சுத்தியலை வைத்துவிட்டு உள்ளே வந்தவன், கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி சுலக்ஷனாவின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். எங்கிருந்தாவது ஒரு பொட்டு வெயில் அவள் மேல் விழுகிறதா என்று.

"போதும்ங்க. கொஞ்சம் காத்தாவது வரட்டும்."

"காத்து வந்தா வெயிலும் வரும்," என்றான்.

முந்தின நாள்தான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். பத்தொன்பது நாள் அங்கே கிடந்தாள். லூபஸ் என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். உடம்பு தன்னையே பகையாளியாக நினைத்து அடித்துக்கொள்கிற நோய். வெயில் பட்டால் கிளம்பும். டாக்டர் சிங்களத்தில் சொன்னதைப் பிரதாப்தான் அவளுக்குத் தமிழில் சொன்னான். கம்பளை டவுனில் மூன்று வருஷம் கடையில் நின்றவன், சிங்களம் தண்ணீராக வரும். அவளுக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும். "வெளிய போகவே கூடாதாம். வெளிச்சமே ஆகாதாம்," என்று அவன் சொல்லி முடித்த பிறகும் டாக்டர் பேசிக்கொண்டேயிருந்தார்.

பதினெட்டு வயதில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள் அவள். பத்தாவது வருஷத்தில் இரண்டு கன்னமும் சிவந்தபோது, புதுப்பெண் மாதிரி இருப்பதாக, கூடப் பறிக்கிற செட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். வெயில் தடிப்பு என்று நினைத்துத்தான் பக்கத்துக் காம்பரா வீட்டு வீரம்மா, பால்மா டின்னில் வைத்த கற்றாழைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மடலைக் கீறித் தடவியபோது குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு விரல் முட்டிகள் வீங்கின. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஒருநாள் ஐந்தாம் நம்பர் மலையில் கூடையோடு சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே பிரதாப் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைப் பார்த்து, அவள் இனி வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்டான். அதை அவளிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னான். அவள் அழவில்லை. மூலையில் சாய்ந்திருந்த கொழுந்துக் கூடையை எடுத்து அடுப்படியில் விறகு போட வைத்துக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்கு அவன் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போவான். பிறகு வரிசை வீடுகளான லயத்தின் சத்தம் மட்டும்தான் அவளுக்கு. வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கிளம்புகிற பெண்களின் செருப்புச் சத்தம், பள்ளிப் பிள்ளைகள், பத்தரைக்கு மீன் வண்டியின் ஹாரன். மழையா வெயிலா என்பதைத் தகரக் கூரை போடும் சத்தத்தைக் கொண்டு தெரிந்துகொண்டாள். மாதங்கள் போயின. பேசுவதற்கு ஆளில்லாத அந்த வீட்டில், தானாக மாறிக்கொண்டிருந்த ஒரே பொருள் ஜன்னல் கட்டையில் இருந்த கற்றாழைதான். மடல்கள் தடிப்புக் குறைந்து நீண்டன. பச்சை வெளிறி மஞ்சளாகி, ஒவ்வொன்றாகத் தொங்கின. செடி முழுவதும் கதவிடுக்கைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. ராத்திரியில் அவள் டின்னைத் திருப்பி வைப்பாள். நான்கு நாளில் அது மறுபடியும் கதவுப் பக்கம் சாய்ந்துவிடும்.

"இது செத்துரும்போல இருக்குங்க," என்றாள் ஒருநாள்.

அவள் எதையாவது கேட்டு வெகுநாளாகியிருந்தது. பிரதாப் உடனே டின்னைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைத் திட்டில், எந்நேரமும் வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்து வைத்தான். மாசி மாத வெயில். நான்காம் நாள் எடுத்து வந்தபோது மடல்கள் செங்கல் நிறத்தில் கருகி, நுனிகள் சுருண்டிருந்தன. அவன் குற்றம் செய்தவன் மாதிரி வாசலிலேயே நின்றான்.

"வெயிலத்தானே கேட்டுச்சு?"

"இத்தன நாளு இருட்டுல கெடந்தத ஒரேயடியாக் கொண்டு போயி வச்சா? கொஞ்சங் கொஞ்சமாத்தான் காட்டணும்."

மறுநாள் முதல் அவளே அதைப் பார்த்துக்கொண்டாள். தறப்பாளின் ஒரு மூலையை முழ அகலத்துக்குச் சுருட்டிக் கட்டினாள். லயம் கிழக்குப் பார்த்தது. காலையில் அந்த இடைவெளி வழியாக வெயில் சிமெந்துத் தரையில் விழும். முதல் வாரம் டின்னை அதன் ஓரத்தில், வெளிச்சம் மட்டும் படுகிற இடத்தில் வைத்தாள். அடுத்த வாரம் எட்டு மணி வரை வெயிலில். பிறகு ஒன்பது. பத்துக்கு மேல் வைத்த நாளில் நுனி சிவந்தது. அதனால் பத்தோடு நிறுத்தினாள். சித்திரை பிறக்கிறபோது நடுவிலிருந்து தடித்த பச்சை மடல் ஒன்று எழும்பியிருந்தது. ஒருநாள் காலையில் டின்னைத் திருப்பி வைத்துவிட்டுக் கையை அப்படியே விட்டுவிட்டாள். புறங்கையில் வெயில் ஏறியது. இதமாக இருந்தது. ராத்திரி முழுவதும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவக்கவில்லை.

பிரதாப் மாதாமாதம் குடைக்குள் மூடிக் கூட்டிப்போகிற கிளினிக் நாள் வந்தது. அவன் மருந்து வாங்க வரிசையில் நின்றான். வழக்கமாக அவன் வரும்வரை அவள் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அன்று ஹட்டன் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, நிரோஜினி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, வெளியவே வாறதில்லையா? ரத்தத்துல விட்டமின் டி இவ்வளவு கொறைஞ்சிருக்கே. எலும்பு என்னத்துக்காகும்?"

"வெளிச்சமே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்களே, மிஸ்."

"யாரு சொன்னா? இந்தா, மொத நாளே எழுதியிருக்காரு. முழுக்கை சட்டை, தொப்பி, கிரீம். காலைல எட்டுக்கு முன்னாடி, சாயந்தரம் நாலரைக்கு மேல நடக்கச் சொல்லி. கொழுந்தெடுக்கத்தான் போகக்கூடாது. நெழல்ல செய்யற வேல செய்யலாம்னும் போட்டிருக்கே. இதெல்லாம் ஒங்க மாப்பிளகிட்ட சொல்லித்தானே அனுப்பியிருக்காங்க?"

சுலக்ஷனா கொப்பியைப் பார்த்தாள். ஆங்கில எழுத்தின் ஓரத்தில் இருந்த தேதி மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஒன்பது மாதத்துக்கு முந்தின தேதி.

பஸ்ஸில் அவள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கொட்டகலையில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் திரும்பும் இடத்தில்தான் நின்றாள். மணி ஐந்தாகியிருந்தது. அவன் அவசரமாகக் குடையை விரித்தான்.

"ஒங்களுக்குத் தெரியும்தானே?"

எது என்று அவன் கேட்கவில்லை. குடையைப் பிடித்தபடியே நின்றான்.

"சொன்னா நீ மறுபடி மலைக்குப் போயிருவேன்னு நெனச்சேன் சுலா. அன்னைக்கு மலையில சாஞ்ச ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கினப்போ ஓங் கை எம் முதுகுல தொங்கி ஆடிக்கிட்டே வந்துச்சு. உசுரு இருக்கோ இல்லையோன்னு..." குடையை அவள் பக்கம் நீட்டினான். "வீட்டுக்குள்ள இருந்தா நீ உசுரோட இருப்பேன்னுதான்."

"இருந்தேன்," என்றாள் அவள். "ஒம்பது மாசம் இருந்தேன்."

குடையை வாங்கவில்லை. சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மூட்டு வலியில் கால் தடுமாறியது, ஆனாலும் நிற்கவில்லை. சரிந்த வெயில் தேயிலைச் செடிகளின் தலைமேல் மஞ்சளாகக் கிடந்தது. இவ்வளவு தூரத்தை ஒரே பார்வையில் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் கண்ணில் நீர் கட்டியது. பின்னால் அவன் காலடி கேட்டது, நெருங்கவுமில்லை, விலகவுமில்லை.

மேல் வளைவில், அந்திக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் இறங்கி வந்தார்கள். அவளுடைய பழைய செட்டு. பிரதாப் இன்னும் வளைவு திரும்பாததால், முந்தானைக்குள் இருந்தவளை யாரோ வெளியாள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். நாலு பேர் கடந்தும் போய்விட்டார்கள்.

"மீனம்மாக்கா," என்றாள் சுலக்ஷனா.

கடைசியாக வந்தவள் திரும்பினாள். குரலைத்தான் முதலில் அடையாளம் கண்டாள், முகத்தைப் பிறகுதான்.

"ஆத்தாடி, சுலா புள்ளயா? என்னடி இப்பிடி வெளுத்துப் போயிட்ட!"

மீனம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை விரித்தாள். தேயிலைக் கறை ஏறிக் கறுத்து வெடித்த தன் கட்டைவிரலால், சுலக்ஷனாவின் ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்தாள். பத்து வருஷக் கறை இருந்த இடம் குழந்தையின் விரல் மாதிரி வெளுத்து மென்மையாக இருந்தது. நம்பமுடியாமல் மறுபடியும் தேய்த்தாள். கடந்து போன பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சுற்றிலும் நின்று அந்த விரலைப் பார்த்தார்கள்.