தெள்ளு பிடித்த வீடு

அந்தப் பூனையை அன்றைக்கே விரட்டியிருந்தால் இத்தனை வினை இல்லை. விஜயகுமாரி விரட்டவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் குட்டி போட்ட பூனையைத் துரத்தக் கூடாது என்பது அவள் மாமியார் சொல்லிவிட்டுப் போன சாத்திரம். மகள் அர்ச்சனா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ வந்த பூனை கூடத்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு குட்டிகளைப் போட்டது. விலை ஏறட்டும் என்று அவள் புருஷன் நாகராஜன் விற்காமல் அடுக்கி வைத்திருந்த நெல். விலையும் ஏறவில்லை, மூட்டையும் நகரவில்லை. ஒரு தாய்க்கு இன்னொரு தாய் இடம் கொடுக்காவிட்டால் எப்படி என்று விஜயகுமாரி அதற்குப் பால் சோறு வேறு வைத்தாள். இந்தக் காலத்தில் இரக்கப்படுகிறவளுக்குத்தான் முதலில் அடி விழும்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அர்ச்சனாவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. நான்கு நாள் மகளோடு இருந்தாள் விஜயகுமாரி. ஐந்தாம் நாள் சம்பந்தியம்மாள் கோகிலாம்பாள் வந்தாள். திருக்கனூரில் பெரிய மளிகைக் கடை வைத்திருக்கும் கனகராஜின் மனைவி.

"நீங்க போயி வூட்ட சுத்தம் பண்ணி வெய்யுங்க சம்மந்தி. இங்க நான் பாத்துக்கறேன். எட்டாம் நாளு டிஸ்சார்ஜாம். நாங்களே காருல கொணாந்து வுட்டுடறோம்."

நல்லவர்கள்தான். எந்தக் குறையையும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். மனசில் வைத்துக்கொள்வார்கள். வளைகாப்பில் வளையல் கொஞ்சம் குறைந்து போனதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாத வார்த்தை விஜயகுமாரியின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தையை மூன்று மாதம் தன் வீட்டில் வைத்து, குளிப்பாட்டி, ஒரு குறையும் இல்லாமல் அனுப்பிவிட்டால் அதற்கு ஈடாகிவிடும் என்று நினைத்தாள். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வில்லியனூரில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்கு வந்து வீட்டைத் திறந்தாள். உள்ளே கால் வைத்ததும் மணலை வாரி இறைத்தது போல் முழங்கால் வரை ஏதோ தெறித்தது. குனிந்து பார்த்தாள். கறுப்புப் பொடி. அந்தப் பொடி குதித்தது.

பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். இதுவும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. தன் தெள்ளுப்பூச்சிகளை மட்டும் இந்த வீட்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. தனியாக எதற்கு என்று மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொண்ட நாகராஜனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆளில்லாத வீட்டில் ஐந்து நாள் பட்டினி கிடந்த தெள்ளு அத்தனையும் அவள் காலைத்தான் முதலில் கண்டது.

மதகடிப்பட்டில் போர்டு மாட்டியிருந்த பூச்சி மருந்துக்காரனுக்கு ஃபோன் செய்தாள். கூடம், இரண்டு அறை என்றதும் நாலாயிரம் என்றான். வீட்டில் இருந்தது குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் வாங்க எடுத்து வைத்திருந்த காசுதான். பதினாறாம் நாள் தொட்டிலில் போடும்போது தாய் வீட்டு அரைஞாண் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவளுக்குப் பயமே அதில்தான்.

காசு இல்லாதவளுக்குக் கை இருக்கிறது. கொல்லையில் மூன்று கல் வைத்து அண்டாவை ஏற்றினாள். பாய், தலையணை உறை, போர்வை, பேத்திக்கென்று கிழித்து வைத்திருந்த பழைய வேட்டித் துண்டுகள், எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் முக்கி வெயிலில் போட்டாள். புருஷனும் பெண்டாட்டியுமாக இருபத்திரண்டு மூட்டைகளையும் இழுத்து வாசலுக்குத் தள்ளினார்கள். மூலை முடுக்கெல்லாம் தூள் உப்பைத் தூவிப் பெருக்கினாள். பெருக்கிய குப்பையை அங்கேயே கொளுத்தினாள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் இதே வேலை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போயிற்று.

எத்தனை செத்தது, எத்தனை மிச்சம் என்று பார்க்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நாகராஜனின் வெள்ளை வேட்டியைக் காலில் சுற்றிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று நடந்தாள். வெள்ளையில் கறுப்பு தப்பாது. முதல் நாள் நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. மறுநாள் பதினொன்று.

அந்த மறுநாள்தான் அர்ச்சனா ஃபோன் செய்தாள்.

"ஏம்மா, எடுக்க இவ்ளோ நேரம்?"

பெற்ற மகளிடம் எதை மறைப்பது? சொல்லிவிட்டாள்.

"தெள்ளா? நம்ம வூட்லயா?"

"எல்லாம் கொறஞ்சிட்சிடி. நீ வர்றதுக்குள்ள ஒண்ணு இருக்காது. உன் மாமியார் காதுல மட்டும் போட்டுடாத, என் மானமே போயிடும்."

"சரிம்மா" என்றாள் அர்ச்சனா. உடனே ஃபோனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை வேட்டியில் மூன்றே மூன்று. விஜயகுமாரிக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று நல்லவாடு குப்பத்து மீன்காரி வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பால் சுறா கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டும் பூண்டும்தான் பால் சுரக்க வைக்கும். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே நெடி அடித்தது. வயல்காட்டு நெடி. அது தன் வீட்டிலிருந்து வருகிறது என்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

மருந்து டேங்கை முதுகில் மாட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூடத்திலிருந்து பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார் நாகராஜன். தரை, சுவர், ஜன்னல் எல்லாம் பளபளவென்று நனைந்திருந்தது. உள்ளே கொண்டுபோய் மறுபடி அடுக்கியிருந்த மூட்டைகளும் நனைந்திருந்தன.

"கத்திரிக்கு அடிச்சது போவ மிச்சம் இருந்திச்சி விஜயா" என்றார். "தண்டு தொளைக்கிற புழுவே சாவுது, தெள்ளு எம்மாத்திரம்? நீ மூணு நாளா இடுப்பொடியப் பெருக்குற. ஒரே அடி, வேல முடிஞ்சிது. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு பூச்சி அண்டாது."

முகமெல்லாம் சிரிப்பு. நாற்பது வருஷமாக நிலத்தில் பூச்சியைப் பார்த்தவர். பூச்சி என்றால் டேங்கைத் தூக்கு என்பதுதான் அவர் படித்த படிப்பு. செடிக்கு அடிப்பதைக் குழந்தை மூச்சில் இழுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"பச்ச ஒடம்புக்காரியும் பச்சக் கொழந்தையும் நாளைக்கு இதுலயா படுக்கும்?" என்றாள் விஜயகுமாரி. கத்தவில்லை. கத்தத் தெம்பு இல்லை.

அவர் துண்டை அவிழ்த்தார். தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே அந்த நெடி ஏறியது போலிருந்தது.

"ஜன்னல தொறந்து வெச்சா..." என்றபடி டேங்கை முதுகிலிருந்து இறக்கினார்.

எதிர்வீட்டு வேலம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "தண்ணி ஊத்திக் கழுவி, மூணு வேள சாம்பிராணி போட்டு வுடு. எவளுக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

விஜயகுமாரி யோசிக்கத்தான் செய்தாள். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். சாம்பிராணிப் புகையில் இந்த நெடி அடங்கிவிடும். சம்பந்தியம்மாள் ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். மூன்று மாதம் பேத்தி இவள் கையில் இருப்பாள். ஆனால் குழந்தை எந்நேரமும் இந்தத் தரையில்தானே கிடக்கப் போகிறது? அதை நினைத்ததும் வாங்கி வந்த சுறாவை வேலம்மாள் கையில் கொடுத்துவிட்டு, மானம் போனால் போகட்டும் என்று கோகிலாம்பாளுக்கு ஃபோன் போட்டாள்.

"சம்மந்தி, நாளைக்குக் கொழந்தைய கொணார வேணாம். வூட்ல மருந்து அடிச்சிட்டாங்க. வெஷ மருந்து. தப்பு எங்க மேலதான்."

அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தமும் குக்கர் விசில் சத்தமும் கேட்டன. ஆஸ்பத்திரியில் ஏது குக்கர்?

"அது வந்து சம்மந்தி, நாங்க காலையிலயே திருக்கனூர் வந்துட்டோம்" என்றாள் கோகிலாம்பாள். "ஒரு நாள் முன்னாடியே கேட்டு டிஸ்சார்ஜ் வாங்கியாச்சி. அர்ச்சனாதான் சொல்லிச்சி, அம்மா வூட்ல தெள்ளு, கொழந்தைய அங்க படுக்க வெக்க மாட்டேன்னு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தேன். நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க."

சொல்லிவிட்டு ஃபோனை மகளிடம் கொடுத்தாள்.

"நீ சொல்லாதன்னு சொன்னது எனக்குத் தெரியும்மா. கொழந்தைக்கு எதுனா ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள் அர்ச்சனா. "பாக்கணும்னா இங்க வா. வரும்போது தலைக்குக் குளிச்சிட்டு, தொவச்ச பொடவயா கட்டிக்கிட்டு வா."

"சரிம்மா" என்றாள் விஜயகுமாரி. மகள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்தில் இவள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

இரண்டு நாள் கழித்துத் தலைக்குக் குளித்து, கொதிநீரில் அலசிய புடவை கட்டி, திருக்கனூர் பஸ் ஏறினாள். கோகிலாம்பாள் வாசல் கேட்டுக்கே வந்து வரவேற்றாள். வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. உள்ளே ஹாலில் சோபா காலியாகத்தான் இருந்தது. கேட்டைத் திறந்துவிட்ட மாப்பிள்ளை நரேஷ் அவளைப் பார்க்காமல் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

அர்ச்சனா நிலைப்படி வரை வந்து குழந்தையை நிமிர்த்திக் காட்டினாள். விஜயகுமாரி இரண்டு கையையும் நீட்டினாள்.

"இப்ப வேணாம்மா. இன்னும் ரெண்டு வாரம் போவட்டும்" என்று மகள் ஒரு அடி பின்னால் போனாள்.

நீட்டிய கையை என்ன செய்வது? புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். காபியைக் குடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துகொண்டாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

வீட்டில் நாகராஜன் இரண்டு நாளாகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார்.

"கொழந்த எப்படி இருக்குது? தூக்குனியா?"

"தூக்கினேன்" என்றாள். "மடியிலயே தூங்கிடுச்சி."

அவர் முகம் தெளிந்தது. "அப்போ நாளைக்கு நான் போயி ஒரு வாட்டி தூக்கிட்டு வரேன்" என்று கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார்.

"வேணாங்க" என்றாள் விஜயகுமாரி. "நீங்க போவாதீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டையைக் கொடியிலேயே போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.